மேலக்கா வயிற்றை மாற்றிக்கொண்ட கதை

பெல்ட் பூட்டிக்கொண்டது. வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

தோள் இரண்டிலும் தொடை இரண்டிலும் வாரை மாட்டி, மார்புக்கு நடுவே கொக்கியைப் போட்டு, பாதுகாப்பு அதிகாரி இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு பெல்ட்டின் முதுகுப் பக்கம் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டைத் திருப்பி, அதில் போட்டிருந்த எடை வரம்பைப் படித்தார். முகம் தொங்கிவிட்டது.

"பெல்ட்டு உங்களைச் சுத்தி வந்துடுச்சுக்கா. ஆனா விழுந்தா தாங்காது."

"நான் இத்தனை வருஷமா விழவே இல்லையே?"

"விழுந்தவங்க எல்லாருமே அதுக்கு முந்தின நாள் வரைக்கும் விழாதவங்கதான்."

அந்தக் கட்டுமானத் தளத்தில் எல்லோரும் அவரை மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுநர். பிள்ளைகுட்டி பெற்ற மேஸ்திரிக்கும் அக்கா, நேற்று வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியருக்கும் அக்கா. இருப்பது மேலே, ஆகவே மேலக்கா. சம்பளத் தாளில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எதோடும் சண்டை போடுவார் மேலக்கா. காற்றோடு போடுவார், கான்கிரீட் வண்டிக்காரரோடு போடுவார். எடை வரம்போடு மட்டும் போட மாட்டார். எத்தனை டன், எவ்வளவு தூரத்தில் என்று கிரேனில் ஒட்டியிருக்கும் அட்டவணையை மீறித் தூக்கச் சொன்ன மேலாளரை, "நீங்க வந்து தூக்குங்க, நான் கீழ நின்னு வேடிக்கை பாக்குறேன்" என்று வாக்கிடாக்கியில் ஊர் கேட்கச் சொன்னவர் அவர். இப்போது வரம்பைத் தாண்டியிருப்பது அவரே. பழைய கிரேனில் ஏணியைச் சுற்றிக் கூண்டு உண்டு. பெல்ட்டைப் பற்றி யாரும் பேசியதில்லை. அடுத்த கட்டடத்துக்குப் புதிய கிரேன் வருகிறது. அதில் ஏற லிஃப்ட் உண்டு; ஆனால் பெல்ட் மாட்டாமல் யாரையும் ஏற விட மாட்டார்கள். அதை நட்டு நிறுத்த இன்னும் எட்டொன்பது மாதம் ஆகும்.

"அதுக்குள்ள எடை இறங்கிட்டா நீங்கதான் ஓட்டறீங்க" என்றார் அதிகாரி. எத்தனை கிலோவுக்கு இறங்க வேண்டும் என்றும் சொன்னார். "இல்லாட்டியும் கவலைப்படாதீங்கக்கா. ஸ்டோர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

"அந்த நாற்காலியில சீட்டு தைச்சிருக்காங்களான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று பெல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார் மேலக்கா.

ஸ்டோரைப் பற்றி அவருக்குத் தெரியும். தொடங்கியதே அங்கேதான். பதினெட்டு வயதில் ஆணியும் கம்பியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. ஒருநாள் கிரேன் ஓட்டுநரிடம், மேலே எப்படி இருக்கும் என்று கேட்டார். பெண்களுக்குத் தலை சுற்றும் என்று பதில் வந்தது. மதிய இடைவேளையில் அந்த ஆள் படுத்திருந்த நேரம் பார்த்து ஏறினார். தலை சுற்றியது உண்மைதான்; கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஓட்டுநருக்கு. திட்டு வாங்கினார், சம்பளம் பிடித்தார்கள், மறுபடி ஏறினார். உரிமம் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது.

எடை வந்த வழியும் கிரேனின் உச்சியில் இருக்கும் அந்தக் கேபின்தான். கிரேன்காரர்கள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் தளம் நிற்கும். தளம் நின்றால் நாலு பேர் கத்துவார்கள். பகல் முழுக்கக் காய்ந்து கிடந்துவிட்டு, இறங்கியதும் ஒரே மூச்சில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் உள்ளே தள்ளிவிட்டுப் படுப்பது. வருடக்கணக்கில் இப்படி. சாப்பாட்டைக் குறைக்கலாமே என்று அறிவுரை சொன்னவர்களுக்கு ஒன்று தெரியாது: குறைத்துப் பார்த்தார். பல முறை. போன எடை ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தது.

அறுவை சிகிச்சை என்ற பேச்சை வீட்டில் எடுத்தது நாத்தனார். அவர் அழகு நிலையம் நடத்துகிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்லீவ் செய்துகொண்டு பாதியாக இளைத்தவர். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் பழைய சுடிதாரைக் கையோடு எடுத்துப் போய், ஒரு கால் பக்கத்துக்குள் தன் இரண்டு காலையும் விட்டுக் காட்டுவார்.

"ஸ்லீவ் பண்ணிக்கோங்க அண்ணி. வயித்துல முக்கால்வாசியை வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் வாழைக்காய் மாதிரி நீளமா இருக்கும். அவ்வளவுதான் வேலை. மூணாவது நாள் நான் கடையைத் திறந்துட்டேன்."

"வெட்டி எடுத்ததை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் கணவர். அவர் ஏசி மெக்கானிக். கழற்றிய பாகம் எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"தூக்கிப் போடுவாங்கண்ணா. வேற என்ன, வீட்டுக்கா குடுத்து அனுப்புவாங்க?"

"திரும்ப மாட்ட முடியாதுல்ல? அப்ப வேணாம். பலூன் வெச்சுக்கட்டும். வாய் வழியா உள்ள விட்டு ஊதுவாங்களாம். ஆறு மாசம் கழிச்சு எடுத்துடலாம். கத்தியே கிடையாது."

"எடுத்த பிறகு எடை திரும்பி வந்தா?"

"வந்தா மறுபடி ஊதிக்கலாம்."

"அவங்க என்ன லாரி டயரா?"

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டே போனார்கள். வயிற்றுக்குச் சொந்தக்காரர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "ரெண்டு பேரும் உங்க உங்க வயித்தைப் பாத்துக்கோங்க. நான் டாக்டரைப் பாக்கப் போறேன்."

அறுவை சிகிச்சை நிபுணர் பொறுமையான பெண்மணி. தாளில் வயிற்றை வரைந்து காட்டினார். வயிற்றின் மேல்புறம் பட்டை போட்டு இறுக்கும் முறை ஒன்று. இப்போது செய்கிறவர்கள் குறைவு, போட்டவர்களில் பலர் கழற்ற வந்துவிடுகிறார்கள். பலூன், வயிற்றுக்குள் இடம் அடைத்துக்கொண்டு இருக்கும் வரைக்கும் உதவும். ஸ்லீவ், நாத்தனார் சொன்னதுதான். பைபாஸ் என்பது வயிற்றின் மேல் நுனியைச் சின்னப் பையாகப் பிரித்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி, கீழே இருக்கும் குடலை நேராக அதில் இணைப்பது.

"பைபாஸ்னா நெஞ்சுக்குத்தானே?" என்றார் கூட வந்த கணவர்.

"இது வயித்துக்கு. பேரு ஒண்ணு, ரூட்டு வேற" என்று சிரித்துவிட்டு, மருத்துவர் மேலக்காவிடம் கேள்விகளைத் தொடங்கினார். தலை சுற்றல் உண்டா? இல்லை. மூச்சு வாங்குமா? இல்லை. தூக்கத்தில் குறட்டை? இல்லை. கணவர் இருமினார், மேலக்கா முறைத்தார். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்?

"இல்லை."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கிரேன் ஓட்டுநர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதிச் சோதனை நடக்கும். கம்பெனி மருத்துவர் என்ன கேட்டாலும் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஆமாம்' என்று ஒரு தடவை சொன்னவர் கீழே உட்கார வேண்டியதுதான். இருபது வருடமாக வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அந்த வாய் இல்லை என்றே சொல்லிப் பழகியிருந்தது. எதிரே இருப்பவர் உரிமத்தைப் பிடுங்க வரவில்லை, வயிற்றை வெட்டப் போகிறார் என்பது மூளைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது.

"அப்படின்னா ஸ்லீவே உங்களுக்குப் போதும்" என்றார் மருத்துவர். நாள் குறித்தார்கள். நாத்தனார் அன்றைக்கே புதுச் சுடிதாருக்குத் துணி எடுத்துக் கொடுத்தார், இரண்டு அளவு குறைத்து.

விடுப்பில் போவதற்கு முந்தைய நாள் கம்பிக் கட்டுகளை ஏற்றும் வேலை. கீழே நின்று கை காட்டுகிறவர் சிக்னல்காரர். பதினோரு வருடமாக மேலக்காவின் கண்ணும் காதும் அவர்தான். மேலக்காவைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் தளத்து வழக்கப்படி அக்கா என்பார். மேலக்கா அவரை அண்ணே என்பார். இது எந்த ஊர் உறவு என்று கேட்டவர்களுக்கு இரண்டு பேருமே பதில் சொன்னதில்லை.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம். மேலாளரே வந்து கை காட்டினாலும் ஓட்டுநர் கண்டுகொள்ளக் கூடாது. நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டுவரும் ஆள் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும். காரணத்தைப் பிறகுதான் கேட்க வேண்டும். அதனாலேயே அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னவரை யாரும் மன்னிப்பதில்லை.

கட்டு மாட்டுவதற்குக் காத்திருந்த நேரத்தில் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் கேட்டார்: "என்ன ஆபரேஷன்னு முடிவாச்சுக்கா?"

"ஸ்லீவ். முக்கால் வயித்தை எடுத்துடுவாங்க. குழாய் மாதிரி ஆயிடும்."

"உங்க நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

"முதல்ல கட்டை மாட்டச் சொல்லுங்கண்ணே" என்றார் மேலக்கா. கட்டு மாட்டியாயிற்று. சிக்னல்காரர் தூக்கச் சொன்னார். ஒரு சாண் உயரம் தூக்கி, கட்டு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். சமமாகத்தான் நின்றது.

"நிறுத்து" என்றார் சிக்னல்காரர். "நிறுத்து, நிறுத்து."

மேலக்காவின் கை தானாக நின்றது. கீழே யாராவது உள்ளே வந்துவிட்டார்களா, கயிறு நழுவுகிறதா என்று கண் தேடியது. ஒன்றும் இல்லை.

"என்னண்ணே?"

"டாக்டர்கிட்ட எரிச்சல் இருக்குன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"இதுக்கா நிறுத்து சொன்னீங்க? உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? கம்பி தொங்கிட்டு இருக்கு!"

"ஒரு சாண்தான் தொங்குது. இறக்கிடுங்க. நான் டாக்டருக்குப் படிக்கலக்கா. ஆனா பதினோரு வருஷமா நீங்க வாக்கிடாக்கி பட்டனை அழுத்தும்போதெல்லாம் உங்க ஏப்பம்தான் எனக்கு முதல்ல கேக்குது. அந்த ரோஸ் கலர் மருந்து பாட்டிலைக் குலுக்குற சத்தத்தை வெச்சே மணி சொல்லுவேன். நாளைக்கு வெட்டப் போறவங்களுக்கு அது தெரியுமா, தெரியாதா?"

வாக்கிடாக்கியின் அந்த அலைவரிசையில் தளம் முழுக்க இருந்தது. நாலாவது மாடியில் பலகை அடித்தவர்கள் சுத்தியலை நிறுத்தினார்கள். இன்ஜினியர் ஒருவர், "யாருக்கு ஏப்பம்? என்ன நடக்குது அங்க?" என்று கத்தினார்.

"எனக்குத்தான் சார்" என்றார் மேலக்கா. "கட்டை இறக்கறேன்."

அன்று இறங்கி வந்து சிக்னல்காரரை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். விளையாட்டுக்குச் சொன்னதல்ல என்று மேலக்காவுக்கும் தெரியும். திட்டி முடித்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனார். படி ஏறும்போது கேபின் ஏணியில் கூட வாங்காத அளவுக்கு மூச்சு வாங்கியது.

"இருக்கு டாக்டர். எரிச்சல் இருக்கு. குறட்டையும் இருக்கு. மூச்சும் வாங்குது. எல்லாமே இருக்கு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ஏன் சொல்லல?"

"வேலைப் பழக்கம்."

மருத்துவருக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் பதிலாக வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதி வெந்து சிவந்திருந்தது. வயிற்றின் மேல்நுனி தன் இடத்தை விட்டு மார்புப் பக்கம் ஏறியிருந்தது. இப்படி இருக்கிறவருக்கு ஸ்லீவ் செய்தால் எரிச்சல் கூடத்தான் வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். பைபாஸ் செய்தால் எரிச்சலும் குறையும், எடையும் இறங்கும். ஆனால் அதற்கென்று தனிக் கெடுபிடி உண்டு: ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை, முழங்கால் வலிக்கு இப்போது விழுங்குகிற மாத்திரைகள் இனி கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று சாப்பிட வேண்டும், இனிப்பை அவசரமாகச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வரலாம்.

"உங்க வேலையை நினைச்சாதான் யோசனையா இருக்கு. கீழ ஏதாவது வேலை கிடைக்குமா?"

"ஸ்டோர்ல நாற்காலி இருக்குங்கறாங்க."

"நல்லதாப் போச்சு."

"அதுக்கு ஆபரேஷனே வேணாமே டாக்டர். நாற்காலியில உக்கார இந்த உடம்பே போதும்."

வீட்டில் அன்று நடந்தது சண்டை. நாத்தனாருக்கு மனத்தாங்கல்; தான் செய்துகொண்டதை அண்ணி குறைத்துப் பேசுவதாக நினைத்தார். "எனக்கு ஒரு எரிச்சலும் வரலையே!" என்றார். "உனக்கு வரல. உன் வயித்துக்கு அது சரி" என்றார் மேலக்கா. கணவர் அடியோடு மாறியிருந்தார். குடலை வெட்டி ஒட்டுவதா, வேண்டவே வேண்டாம், பலூனும் வேண்டாம், கிரேனும் வேண்டாம்.

"ஸ்டோருக்குப் போ. மேல தலை சுத்தினா யாரு பிடிப்பா? இத்தனை வருஷம் ஏறினது போதாதா?"

"போதுமா போதாதான்னு நான்தானே சொல்லணும்?"

"நான் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். நிறுத்துன்னு நீங்க சொல்லலாம், உங்க தங்கச்சி சொல்லலாம், எதிர்வீட்டுக்காரர் கூடச் சொல்லலாம். நின்னு கேப்பேன். சிக்னல் அண்ணன் சொன்னாரு, நின்னேன்ல? ஆனா தூக்குன்னு சொல்ல ஒருத்தர் போதும். நான் சொல்லியாச்சு."

கணவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர், சத்து மாத்திரை எத்தனை வேளைக்கு என்று மட்டும் கேட்டார்.

பைபாஸ் நடந்தது. முதல் வாரங்கள் லேசானவை அல்ல. தெளிந்த நீரைக் கரண்டி கரண்டியாகக் குடித்தார். பிறகு கூழ் மாதிரி அரைத்தது. பிறகுதான் மெல்லக்கூடிய உணவு. அடுக்களையிலிருந்து வாசனை வந்தால் கணவரைத் திட்டினார், வராவிட்டால் பட்டினி போடுகிறீர்களா என்று திட்டினார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மருத்துவர் அது திரும்ப வளரும் என்றார். நாத்தனார் கோபத்தை மறந்து கத்தரிக்கோலோடு வந்து ஒட்ட வெட்டிவிட்டுப் போனார். எரிச்சல் மட்டும் போன இடம் தெரியவில்லை. இரவில் தலையணையை அடுக்காமல் படுக்க முடிந்ததை நம்பாமல், பல நாள் அடுக்கிக்கொண்டே படுத்தார்.

பிறகு ஒருநாள் மேலக்கா ஒரு காரியம் செய்தார். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி அரை டம்ளர் இனிப்புப் பழச்சாற்றைக் குடித்தார்.

"அதான் கூடாதுன்னாங்களே, எதுக்கு இந்த விபரீதம்?"

"எப்படி வரும்னு தெரியணும். தெரியாத சாமானை மாட்டிக்கிட்டு மேல போக மாட்டேன்."

வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்துக் கொட்டியது, சுவர் சாய்ந்து நிமிர்ந்தது. கணவர் விசிறினார், சாமியைக் கூப்பிட்டார், தங்கையையும் கூப்பிட்டார். அரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. தெளிந்ததும் மேலக்கா சொன்ன முதல் சொல், "சரி." பழச்சாறு பாட்டிலை நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினார். அதன்பின் இனிப்பு அந்த வீட்டுப்படி ஏறவில்லை.

புதிய கிரேனை நட்டு நிறுத்தியபோது அவர் எடை பெல்ட்டின் வரம்புக்குக் கீழே வந்திருந்தது. கம்பெனி மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மேலக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. எப்போது படபடப்பு வரும், எதைச் சாப்பிட்டால் வராது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு வேளைகள் என்னென்ன எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்கக் கம்பெனி மருத்துவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டே போனார். இதுவரை எந்த ஓட்டுநரும் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. தளத்து மேலாளரைக் கூப்பிட்டார்கள்.

"அப்படின்னா ஸ்டோருக்கே போயிடுங்களேன்" என்றார் மேலாளர்.

"பெல்ட்டுக்கு எடை குறைக்கச் சொன்னீங்க, குறைச்சிருக்கேன். இப்ப என் நிபந்தனையைக் கேளுங்க. நேரத்துக்குச் சாப்பிடுவேன். சாப்பிடும்போது கொக்கி காலியா இருக்கும். தண்ணி குடிப்பேன். குடிச்சா இறங்குவேன். புது கிரேன்லதான் ஆள் ஏத்துற லிஃப்ட் இருக்கே."

"கிரேன் நின்னா தளமே நிக்கும்மா. எந்த ஆபரேட்டரும் இப்படிக் கேட்டதில்ல."

"கேட்காம இருந்துதான் எல்லாருக்கும் வயிறு கெட்டுச்சு."

ஒரு மாதம் குறைந்த உயரத்துக்குத் தூக்கும் வேலை மட்டும், இரண்டாவது ஓட்டுநர் பக்கத்தில். பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மேலக்கா அந்த ஒரு மாதத்தையும் முனகிக்கொண்டே ஓட்டினார். நிபந்தனையில் ஒரு வரி கூட விட்டுக்கொடுக்கவில்லை.

தனியாக ஏறிய முதல் நாள், பதினோரு மணி சுமாருக்குக் கொக்கியை மேலே இழுத்து நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தார். கீழே கான்கிரீட் வண்டி வந்து நின்றது. வாக்கிடாக்கி கரகரத்தது. புதிய இன்ஜினியர்.

"மேலக்கா, வண்டி நிக்குது. எவ்வளவு நேரம்?"

"இன்னும் அஞ்சாறு வாய் இருக்கு சார்."

"கொஞ்சம் சீக்கிரம் சாப்பிடக் கூடாதா?"

"கூடாது சார். அவசரப்பட்டா அப்படியே வெளிய வந்துடும். காத்து வேற இன்னிக்கு நீங்க நிக்கிற பக்கம்தான் அடிக்குது."

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தகரக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார். மேலக்கா அடுத்த வாயை எடுத்து மெல்லத் தொடங்கினார்.